இருபத்தோரு குண்டு

அம்மா, நீங்கள் புதுச்சேரிக்குத்தானே போகிறீர்கள்? வண்டிக்காரர் சொன்னார். உங்கள் தம்பி அங்கே துறையில் கப்பல்களுக்குச் சீட்டு எழுதுகிறவராமே. அதைக் கேட்டுத்தான் வந்தேன். பிச்சைக்கு வரவில்லை அம்மா. இப்படி வண்டிச் சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். தோணி இன்னும் அக்கரையில்தான் நிற்கிறது. இந்தத் தோணிக்காரன் எப்போதும் இப்படித்தான், அக்கரைக்குப் போனால் வெற்றிலை போட்டுக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவான். அவன் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

எனக்கு ஆம்பிளைகள் முன்னால் பேச்சு வராது. போன மாதம் ஒரு பெரிய ஐயா இதே தோணித்துறையில் நின்றார். கிட்டே போய் நின்றேன். "இன்னாம்மா வேணும்?" என்று நல்லவிதமாகத்தான் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். வீடுவரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன். நீங்கள் பொம்பளை என்பதால் இன்றைக்கு வாய் திறக்கிறது.

இவனா? ஒரு வயசு தாண்டியிருக்கும். பல்லை வைத்துச் சொல்கிறேன். பேர் தெரியாது. இவனைப் பெற்றவள் ஏதாவது பேர் வைத்திருப்பாள், என்னிடம் சொன்னதில்லை. எங்கள் தெருவில் 'ஏ இருபத்தொண்ணு' என்று கூப்பிடுகிறார்கள். இவனும் திரும்பிப் பார்க்கிறான். என்ன செய்வது. நான் பெற்ற பிள்ளை இல்லை அம்மா இவன். நான் பெற்றது பெண். முத்தாலு என்று பேர். மூன்று வயசு. அவளைத்தான் தேடுகிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

என் பேர் பூங்காவனம். கடலூரில் கோட்டைக்குப் பக்கத்துத் தெரு. வீட்டுக்காரர் துணிக் கிடங்கில் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். சண்டை வந்த பிறகு துணி ஏது, கிடங்கு ஏது? பீரங்கிக் குண்டு சுமக்கப் போனார். கோட்டை இங்கிலீசுக்காரனிடம் இருந்தபோது அவனுக்குச் சுமந்தார். அப்புறம் மைசூர்க் குதிரைகளோடு பிராஞ்சுக்காரன் வந்து கோட்டையைப் பிடித்தான். அவனுக்கும் சுமந்தார். "ரெண்டு பேர் குண்டும் ஒரே கனம்தான். இவன் திட்டுறது புரியல, அவன் திட்டினது புரிஞ்சுது, அவ்வளவுதான்" என்பார். அப்போதெல்லாம் நிறையப் பேசுவார்.

போன ஆனியில் இங்கிலீசுக்காரன் திரும்பி வந்தான். ஊருக்குத் தெற்கே பாளையம் போட்டு இறங்கினான். உள்ளே பிராஞ்சுக்காரன், வெளியே இங்கிலீசுக்காரன், நடுவில் நாங்கள். நாங்கள் குண்டை எண்ணப் பழகினோம். காலையில் கோட்டைக் கதவு திறக்க ஒன்று, சாயங்காலம் மூட ஒன்று. கப்பல் வந்தால் மூன்று போடுவான், ஐந்து போடுவான். ஐந்துக்கு மேலே ஆறாவது கேட்டால் அது சண்டை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கெடிலம் ஆற்று மணலுக்கு ஓடிவிட வேண்டும். பள்ளத்தில் படுத்துக்கொண்டால் குண்டு தலைக்கு மேலே போய்விடும். பிள்ளைகளுக்குக்கூட இந்தக் கணக்குத் தெரியும். முத்தாலுவுக்கு மட்டும் ஒன்றுக்கு மேலே வராது. ஒவ்வொரு குண்டுக்கும் "ஒண்ணு... ஒண்ணு... ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்குச் சிரிப்பு வரும், அந்த நேரத்திலும்.

முதல் பெரிய சண்டை அன்றைக்கு எங்கள் தெருவில் சின்னாத்தா செத்துப்போனாள். குண்டில் சாகவில்லை. தன் பிள்ளையைத் தேடித் திரும்பி ஓடினாள். அந்தப் பிள்ளையை வேறொருத்தி முன்னாலேயே தூக்கிக்கொண்டு மணலுக்கு வந்துவிட்டாள். இது தெரியாமல் இவள் வீட்டுக்குள் போய்க் கட்டிலடியிலும் குதிருக்குப் பின்னாலும் தேடியிருக்கிறாள். சுவர் விழுந்துவிட்டது. பிள்ளை மணலில் விளையாடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் தெருவில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவரவர் பிள்ளையை யாரும் தேடக்கூடாது. கைக்கு எட்டுகிற பிள்ளை யார் பிள்ளையானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மணலில் போய் மாற்றிக்கொள்ளலாம். தனக்கொடி அக்காதான் இதை வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அவள் என் ஓரகத்தி, வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி. அவள் சொன்னால் தெரு கேட்கும். கேட்காவிட்டால் கேட்கிறவரைக்கும் சொல்லுவாள். மூன்று தடவை அப்படி ஓடினோம். மூன்று தடவையும் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. தனக்கொடி மூளையே மூளை என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் இல்லை என்று சொல்லவில்லை.

இப்போது காத்தாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் உள்நாட்டில் பயிர் பச்சை கிடையாது அம்மா, உங்களுக்கே தெரியும். குதிரைகள் மிதித்தது பாதி, நெருப்பு வைத்தது பாதி. எலும்பும் தோலுமாக ஜனங்கள் கடற்கரைப் பக்கம் வந்துகொண்டே இருந்தார்கள். காத்தாயி ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தாள். மூன்று பிள்ளைகளோடு புறப்பட்டவள், எங்கள் தெருவுக்கு ஒரு பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். அந்தப் பிள்ளைதான் இவன். தெருக்கோடியில் ஓடாத செக்குக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் தங்கிக்கொண்டாள். தெருவில் யாரும் அவளைச் சேர்க்கவில்லை. நான் கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுப்பேன். அதுவும் அக்காவுக்குத் தெரியாமல். முத்தாலு அவள் மடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவளும் முத்தாலுவுக்குத் தலை சீவி விடுவாள். நல்லவள் அம்மா. பிள்ளைகளைத் தொடுகிற கையைப் பார்த்தாலே தெரியாதா?

ஏற்பாட்டில் காத்தாயியையும் சேர்க்க வேண்டும் என்று சொன்னது நான்.

"எவளோ வந்தேறி. அவ புள்ளய நாம எதுக்குடி தூக்கணும்?" என்றாள் அக்கா.

"அவளும் நம்ம புள்ளைங்களத் தூக்குவா இல்லக்கா."

"தூக்குவா, தூக்குவா. அவ ஒடம்பத் தூக்கறதுக்கே அவளுக்குத் தெம்பு இல்ல."

ஆனாலும் சரி என்றாள். எனக்கு அது பெரிய சந்தோஷம். நான் சொல்லி ஒரு காரியம் நடந்தது என்று.

அன்றைக்கு விடிந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும். நான் செக்குக் கொட்டகைக்குப் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தேன். காத்தாயி எப்போதும்போலக் கஞ்சித் தண்ணீருக்கு எங்கள் வீட்டுக்குப் போயிருந்தாள். இவன் கொட்டகையில் படுத்திருந்தான். முத்தாலு எங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

குண்டு போட்டான். ஒன்று. கதவு திறக்கிறான் என்று நினைத்தேன். இரண்டு. மூன்று. கப்பல். நான்கு, ஐந்து. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆறாவது விழுந்தது.

கயிற்றை விட்டேன். கொட்டகைக்குள் போய் இவனைத் தூக்கினேன். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது, அதுதானே ஏற்பாடு? ஓடினேன். எல்லாரும் ஓடினோம். எனக்கு முன்னால் அக்கா இரண்டு இடுப்பிலும் இரண்டு பிள்ளையோடு ஓடுகிறாள். ஓடிக்கொண்டே எண்ணுகிறாள். அவளுக்கு எண்ணாமல் இருக்க முடியாது. "பதினாலு, அடப் பாவி, பதினஞ்சு, கை ஒடிஞ்சு போவ, பதினாறு..." மணலில் விழுந்து படுத்தோம். இருபத்தொன்று. அதோடு நின்றுவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து பதில் குண்டும் இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. தலையைத் தூக்காமல் படுத்திருந்தோம்.

அப்போது தமுக்கு அடிக்கிறவன் மணலில் ஓடிவந்தான். வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் சிரிக்கிறான்.

"ஏ, பைத்தியக்காரப் பொம்பளைங்களா! எழுந்திருங்க! சண்ட நின்னுபோச்சு! சமாதானம் வந்துடுச்சு!"

"அப்புறம் எதுக்குடா குண்டு போட்டானுங்க?" அக்கா படுத்தபடியே கேட்டாள்.

"அது மரியாதக் குண்டு. சமாதானத்துக்கு மரியாத."

"மரியாதைக்குக் குண்டு போடுவானுங்களா? அவனுங்க மரியாதையில இடி விழ!"

ஆனால் சிரித்துவிட்டாள். எல்லாரும் சிரித்தோம். ஒருத்தி மேல் ஒருத்தி மணலை அள்ளிப் போட்டோம். சின்னாத்தாவின் மாமியார் மட்டும் உட்கார்ந்து அழுதாள். முந்தின நாள் கடலில் வெள்ளைக் கொடியோடு ஒரு கப்பல் வந்து நின்றதை ஊரே பார்த்ததுதான். அது சமாதானம் கொண்டுவந்த கப்பலாம். பிராஞ்சுக்காரன் கொடியும் வெள்ளை, சமாதானத்துக்குப் போடுகிற கொடியும் வெள்ளை. எங்களுக்கு என்ன தெரியும்? இன்னும் ஒரு பிராஞ்சுக் கப்பல், இன்னும் கொஞ்சம் குண்டு என்றுதான் நினைத்தோம்.

அப்புறம் பிள்ளைகளை மாற்றிக்கொண்டோம். இது உன்னுடையது, அது என்னுடையது என்று. அன்றைக்கு யாருக்கும் அவசரமே இல்லை. முத்தம் கொடுத்து முத்தம் கொடுத்து மாற்றினார்கள். நான் இவனை வைத்துக்கொண்டு நின்றேன். முண்டியடித்துக் கேட்பது எனக்கு வராது, முறை வரட்டும் என்று நின்றேன். கடைசியில் மணலில் நான் ஒருத்திதான் நின்றேன்.

காத்தாயி வரவில்லை. முத்தாலுவும் வரவில்லை.

அவள் எங்கள் ஊர்க்காரி இல்லையே, கெடிலத்துக்கு வழி தெரியாமல் கடல் பக்கம் ஓடியிருப்பாள் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்தேன், ஓடிய களைப்போடு வருவார்கள் என்று. இவன் பாலுக்கு அழுதான். முத்தாலு மூன்று வயசிலும் பால் குடிப்பாள், பஞ்சகாலத்தில் வேறென்ன கொடுப்பது? அதனால் எனக்குப் பால் இருந்தது. இவனுக்குக் கொடுத்தேன். முதல் தடவை கொடுக்கும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இவனுக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் மீன்காரி ஒருத்தி சொன்னாள். ஆறு கடலில் விழுகிற இடத்தில் காத்தாயியைப் பார்த்தாளாம். தனியாக உட்கார்ந்து சோறு பொங்கிக்கொண்டிருந்தாளாம். பக்கத்தில் துணியில் மூட்டை கட்டி அரிசி, ஒரு மரக்கால் இருக்குமாம்.

"புள்ள எங்கடின்னு கேட்டேன். கப்பல்ல இருக்கு, வயிறாரச் சாப்பிடுதுன்னா. வேகறதுக்கு முன்னாலயே சோத்த எடுத்துத் தின்னா. நான் நின்னு பாத்தேன். கண்ணுல தண்ணி ஊத்துது, தின்னுகிட்டே இருக்கா."

ஓடினேன். அடுப்புக் கல் மூன்றும் சூடாகத்தான் இருந்தது. ஆள் இல்லை.

எனக்கு அதைக் கேட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிள்ளை சாப்பிடுகிறது என்றாளே. சமாதானம் வந்ததும் கப்பல்கள் அரிசி கொண்டுவந்து இறக்கின. இறக்கிவிட்டுப் போகும்போது பஞ்சத்தில் தவிக்கிற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கரையில் பேசிக்கொண்டார்கள். சோறு போட்டு வளர்ப்பார்களாம். காத்தாயி தன் இரண்டு பிள்ளைகளை வழியிலே பசிக்குப் பறிகொடுத்தவள். இந்தப் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று ஏற்றிவிட்டிருப்பாள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதுதான் என் மனத்தாங்கல். அரிசி எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? கப்பல்காரர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்திருப்பார்கள். அவளைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும்.

தன் பிள்ளையைத் தேடி ஏன் அவள் வரவில்லை என்று தெரு கேட்கிறது. எதற்கு வர வேண்டும்? நான் பால் கொடுப்பேன் என்று அவளுக்குத் தெரியும். நான் இவனைப் பார்த்துக்கொள்கிற மாதிரி அவள் முத்தாலுவைப் பார்த்துக்கொள்ள மாட்டாளா?

அக்கா ஒருநாள் இவனைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டே சொன்னாள், "ஏண்டி, பொட்டப் புள்ள போயி ஆம்பளப் புள்ள வந்திருக்கு. ஒனக்கென்ன கொறச்சல்?" அவள் மனசில் கெடுதல் இல்லை. ஆறுதல் சொல்லத் தெரியாதவள். அன்றைக்கு அவளோடு நான் பேசவில்லை. நான் பேசாததை அவள் கவனிக்கவும் இல்லை. நான் எப்போது பேசினேன், இப்போது கவனிப்பதற்கு?

வீட்டுக்காரர் அந்த வாரம் முழுவதும் கரையில்தான் வேலை செய்தார். குண்டு சுமக்கும் வேலை போய் அரிசி சுமக்கும் வேலை வந்திருந்தது. கப்பல் கரைக்கு வராதே அம்மா, தூரத்தில் நிற்கும். சலங்குப் படகில் அரிசி வரும். இவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூட்டையைத் தலையில் வாங்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். போகும்போது வெறுங்கையோடு போக விடுவார்களா? கரையிலிருந்து ஏற்ற வேண்டியதை ஏற்றச் சொல்வார்கள்.

"ஏங்க, புள்ளைங்கள ஏத்தினாங்களாமே. நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நான் காலையில சொமந்தேன். அது சாயங்காலம்."

"சாயங்காலம் யாரு?"

"வேற ஆளுங்க."

"நம்ம தெரு ஆளுங்களா? கேட்டுப் பாக்கலாமே?"

"வேற ஆளுங்கன்னு சொன்னேன் இல்ல?"

கூலிக்கு அரிசி கொடுத்திருந்தார்கள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அரிசி. பொங்கி வைத்தேன். தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் எடுக்கவில்லை. இரண்டு நாள் அப்படி இருந்தார். வெறும் வயிற்றில் கடல் தண்ணீரில் நின்றால் வயிறு கெட்டுத்தானே போகும்? ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தேன், அதையும் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் இவனை மடியில் உட்கார வைத்து அந்தச் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டார். தான் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் கரை வேலைக்குப் போகவே இல்லை. இப்போது விறகு வெட்டுகிறார். அரிசிச் சுமைக்குக் கூப்பிட்டு அனுப்பினால் உடம்பு சரியில்லை என்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது உடம்பு. பேச்சுத்தான் இல்லை. நான் இந்தத் துறைக்கு வருவது அவருக்குப் பிடிக்காது. "கப்பல் ஏறினது ஏறினதுதான். இவனைப் பாரு" என்பார். தகப்பனுக்கு இருக்கிற மனசு அவ்வளவுதான் என்று நான் கோபித்துக்கொள்கிறேன்.

தோணி புறப்பட்டுவிட்டது, பாருங்கள். சீக்கிரம் சொல்கிறேன்.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த ஏற்பாடு, கைக்கு எட்டிய பிள்ளையைத் தூக்குகிற ஏற்பாடு, தனக்கொடி அக்காவுடையது இல்லை. என்னுடையது. சின்னாத்தா செத்த அன்றைக்கு எனக்குத்தான் தோன்றியது. தெருவில் சொல்ல வெட்கமாக இருந்தது. அக்கா காதில் சொன்னேன். அவள் தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டாள். எல்லாரும் அவளைப் புகழ்ந்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. இப்போது தெரு அவளைத்தான் ஏசுகிறது. "உன் மூளையாலதான் அந்தப் பொண்ணு போச்சு" என்கிறார்கள். அவள் வாய் பதில் பேசாத ஒரே பேச்சு இதுதான். அவளும் என் பேரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். நீங்கள் ஆற்றைக் கடந்து போய்விடுவீர்கள்.

சின்ன வயசில் மூன்று வருஷம் பாதிரியார் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். படிப்புக்காக இல்லை, மத்தியானம் ஒரு கை அரிசி கொடுப்பார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகினேன். அங்கே ஞானமுத்து உபதேசியார் என்று ஒருத்தர். போன கார்த்திகையில் அவர் தெருவுக்கு வந்தார். அவரிடம் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும். "ஐயா, இந்தச் சண்டை எதுக்குங்க வந்துச்சு?" என்று கேட்டேன். யாரிடம் போய் நியாயம் கேட்பது என்று தெரிய வேண்டும் இல்லையா?

கடலுக்கு அப்பால், சீமைக்கும் அப்பால், அமெரிக்கா என்று ஒரு சீமை இருக்கிறதாம். அங்கே குடியிருக்கிறவர்களும் இங்கிலீசு ஜாதிதானாம். ராஜா மட்டும் இங்கிலீசுச் சீமையில். ஒருநாள் ராஜா, குடிக்கிற இலைக்கு வரி போட்டாராம். தேயிலை என்று ஏதோ சொன்னார். வெந்நீரில் போட்டுக் குடிப்பார்களாம்.

அக்கா இதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். "கஷாயத்துக்கா சண்ட? கஷாயம் குடிக்கறவன் ஒடம்பு முடியாமப் படுத்துல்ல கெடக்கணும்?"

"கஷாயத்துக்கு இல்லம்மா" என்றார் உபதேசியார். "எங்களக் கேக்காம எங்க மேல எப்படி வரி போடலாம்ங்கறதுதான் சண்ட. இலையைப் பெட்டி பெட்டியாக் கடல்ல கொட்டிட்டாங்க. ராஜா பட்டாளம் அனுப்பினார். அவங்களும் எதுத்து நின்னாங்க. பிராஞ்சுக்காரன் அவங்க பக்கம் சேந்தான். அங்க அவனும் இவனும் சண்ட போட்டா இங்கயும் போடணும் இல்லையா? அப்படித்தான் இங்க வந்துச்சு."

"எங்கள யாரு கேட்டாங்களாம்?" என்றாள் அக்கா.

உபதேசியார் இன்னொன்று சொன்னார். சமாதானம் போன தை மாதமே எழுதியாகிவிட்டதாம். அது கப்பல் ஏறி இங்கே வந்து சேர ஐந்து மாதம். அப்படியென்றால் ஆனியில் நடந்த சண்டையெல்லாம் முடிந்துபோன சண்டை. சின்னாத்தா மேல் சுவர் விழுந்தது முடிந்துபோன சண்டையில். நாங்கள் குண்டை எண்ணிக்கொண்டு ஓடியது முடிந்துபோன சண்டைக்கு. காற்று இல்லாமல் கப்பல் தாமதமாகியிருக்கும், யாரைக் குறை சொல்வது?

"அந்தச் சீமை ஜனங்க இப்ப எப்படிங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சுட்டாங்க. இனி ராஜா கெடையாது. எல்லா மனுஷரும் சரிசமமாப் படைக்கப்பட்டவங்க, ஒருத்தருக்கொருத்தர் கீழ இல்லன்னு காயிதத்துல எழுதி, பெரியவங்க எல்லாம் கையெழுத்துப் போட்டு வச்சிருக்காங்க."

"எல்லா மனுஷரும்னா, பொண்ணுங்களும்தானே ஐயா?"

"அப்படித்தான் இருக்கணும்."

"இங்கேர்ந்து கப்பல் அந்தச் சீமைக்குப் போவுமா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். "கடல் எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார். சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். காலில்தான் போட்டிருந்தார்.

அதிலிருந்து எனக்கு அந்த நினைப்புத்தான். இந்த ஓலையைப் பிடியுங்கள் அம்மா. நானே எழுதியது, எழுத்துக் கோணல்மாணலாக இருக்கும். முத்தாலு, மூன்று வயசு, வலது காதுக்குப் பின்னால் மச்சம், ஆனி மாதக் கடைசியில் கடலூர்க் கரையில் ஏறினது என்று போட்டிருக்கிறேன். அரிசி இறக்கிவிட்டுப் பிள்ளைகளை ஏற்றிப்போன கப்பல் எந்தத் திசைக்குச் சீட்டு வாங்கியது என்று உங்கள் தம்பி பார்த்தால் தெரியும் அல்லவா? அது ஒன்றுதான். கப்பலைத் திருப்பச் சொல்லவில்லை. நான் யார் திருப்ப?

மொரீசுத் தீவு என்று ஒன்று சொல்கிறார்கள். கரும்பு வெட்டுகிற இடமாம். அதற்குப் போயிருந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். வீட்டுக்காரரை எப்படியாவது பேச வைக்கிறேன், யார் காலிலாவது விழுகிறோம்.

அந்த இன்னொரு சீமைக்கு, அமெரிக்காவுக்குப் போயிருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் புரிந்துகொள்கிறேன். திரும்ப வா என்று கூப்பிட மாட்டேன். இங்கே வந்து குண்டை எண்ணவா? இவனை வளர்த்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

தோணி வந்துவிட்டது. மாட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பலகை வழுக்கும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், பெரிய மனுஷி நீங்கள், உங்களுக்குத் தெரியும். எல்லாரும் சரிசமம் என்று அவர்கள்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே. அந்தச் சீமையாக இருந்தால், அரிசி கொடுத்து வாங்கிய பிள்ளையாகவே இருந்தாலும், கரையில் இறக்கியதும் அவிழ்த்து விட்டுவிடுவார்கள் இல்லையா அம்மா?